பிப்ரவரி பதினொன்றில் பிறந்தவர்கள்

எங்கள் பத்திரிகை வாரம் ஒருமுறை, புதன்கிழமை வரும். எட்டுப் பக்கம். அதில் ஏழு பக்கத்தை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்று எனக்கே தெரியும். இரண்டாம் பக்கத்து இடது ஓரத்தில் வரும் 'இந்த வாரம் பிறந்தவர்கள்' பத்தியை மட்டும் டெரெபோல் ஊரே படிக்கும்.

அதை ஆரம்பித்தவர் என் அப்பா. பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய கலைக்களஞ்சியத் தொகுதிகளை வண்டியில் அள்ளிப்போட்டு வந்து, எந்தத் தேதியில் எந்த விஞ்ஞானி பிறந்தார், யார் எதைக் கண்டுபிடித்தார் என்று ஆறு குளிர்காலம் உட்கார்ந்து அட்டைகளில் எழுதினார். அரசர்களுக்கும் நடிகர்களுக்கும் அதில் இடமில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர் யாராவது ஏதாவது கண்டுபிடித்திருந்தால் அவர் பெயரும் அதே பட்டியலில் வரும். கோழிக்கூட்டுக் கதவு விடிந்ததும் தானாகத் திறக்க வழி செய்த மெலானியா, நியூட்டன் இருக்கிற வாரத்தில் வருவாள். நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரிக்கலாமே என்று அச்சுக்கோக்கிறவர் ஒருமுறை கேட்டார். அப்பா சொன்னார்: "கோடு போட்டா நம்ம ஆளு கீழ போயிடுவான். வேணாம்."

அப்பாவுக்குப் பிறகு பத்திரிகை என் தலையில் விழுந்தது. ஸேன்யா புருஷனைக் கட்டிக்கொள்ளவில்லை, பத்திரிகையைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். கோடு மட்டும் நானும் போடவில்லை.

பட்டியலில் எங்களுக்குப் பெருமையான நாள் பிப்ரவரி பதினொன்று. நிழற்படத்தைக் காகிதத்தில் பிடித்த ஃபாக்ஸ் டால்பட், வெப்பத்துக்கும் வேலைக்கும் கணக்குப் போட்ட கிப்ஸ், எடிசன், அணுவைத் தொடர்ந்து பிளக்கலாம் என்று முதலில் யோசித்த ஸிலார்ட், ஐந்தாவதாக எங்கள் ஓனுஃப்ரி செமோட்டியுக். ஊருக்கே அவர் மாமா. அன்று காலை அவர் காபிக் கடைக்குள் நுழைந்தால், "எடிசன் வந்தாச்சு, லைட்டப் போடுங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவர் தொப்பியால் அவனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்காருவார்.

மாமா கண்டுபிடித்தது ஒரு தகர உறை. டிராக்டரின் பின்னாலிருந்து தீவன மில்லுக்குப் போகிற தண்டு, நிமிஷத்துக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுழலும். ஒரு நூல் மாட்டினால் போதும், ஆளையே சுற்றி இழுத்துவிடும். ஐம்பத்தொன்றில் மாமாவின் தம்பி யாரேமா அப்படித்தான் போனான். அந்தக் குளிர்காலம் முழுக்க மாமா பட்டறையைவிட்டு வெளியே வரவில்லை. வசந்தத்தில், தண்டை மூடுகிற உறையோடு வந்தார். நாலு போல்ட்டில் நிற்கும். சுற்று வட்டாரத்தில் முந்நூறு பண்ணைக்குத் தன் கையாலேயே செய்து மாட்டினார். வருஷா வருஷம் விதைப்புக்கு முன் ஒவ்வொரு பண்ணையாகப் போய் போல்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். முப்பத்தைந்து வருஷமாக எங்கள் பக்கத்தில் அந்தத் தண்டு யாரையும் கொல்லவில்லை.

எண்பத்தேழு ஜனவரி ஐந்தாம் தேதி லெவ்கோ ஸ்டெஃபூராவைக் கொன்றது. எங்கள் ஊர்ப் பண்ணைக்காரன், முப்பத்து நாலு வயது.

பதிமூன்று நாள் பின்தங்கிய பழைய கோயில் காலண்டர்படி ஜனவரி ஏழில் வரும் எங்கள் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். யாரோ தொலைபேசியில், பனியில் வளைந்த தகரம் கிடந்ததாகச் சொன்னார்கள். நான் எழுதினேன்: 'தண்டின் மேலிருந்த பாதுகாப்பு உறை கழன்றுபோனதே காரணம் என்று நம்பப்படுகிறது.' யார் நம்பினார்கள்? நான் ஒருத்தியும் தொலைபேசியில் பேசிய அந்த ஆளும். நம்பப்படுகிறது என்று எழுதுவது எவ்வளவு சௌகரியம். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் பண்டிகைக் கோதுமைக் கஞ்சிக்குக் கசகசா அரைத்தேன்.

ஜனவரி இருபத்தொன்பது, வியாழக்கிழமை, மாமா என் அலுவலகத்துக்கு வந்தார். வெளியே மைனஸ் முப்பத்து நாலு. தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"படி."

அவருடைய பிறப்புச் சான்றிதழ். ஜனவரி 29, 1909 என்று இருந்தது.

"இன்னைக்குத்தான் எனக்குப் பொறந்தநாள். பதினொண்ணாம் தேதி இல்ல. நீயும் உங்கப்பனும் இத்தன வருஷமாத் தப்பாப் போட்டுட்டு இருக்கீங்க. லிஸ்ட்ல இருந்து எடுத்துடு."

"மாமா, இது கோயில் தேதி. உங்கப்பா பழைய காலண்டர்ல பாதிரியார் எழுதினத அப்படியே கொண்டுபோய் சர்க்கார் ஆபீஸ்ல குடுத்துட்டாரு. பதிமூணு நாள் கூட்டணும். அப்பக் கூட்டினா பிப்ரவரி பதினொண்ணு."

"சர்க்கார் முத்திரை இருக்கு பாரு."

"முத்திரை தப்பு மேலயும்தான் விழும். ஊர்ல பாதிப் பேரு கதை இதுதானே. கிறிஸ்துமஸே நமக்கு ரெண்டு தடவை வருது."

"நீ பெரிய கணக்குப்பிள்ளை. எடுக்கச் சொன்னா எடு."

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். "காரணத்தச் சொல்லுங்க. காலண்டர்க் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்றேன்.

 அவர் கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மறுபடி பிரித்தார்.

"நீதானே எழுதின. உறை கழண்டுடுச்சுன்னு. எம் போல்ட்டு விட்டுடுச்சு, ஸேன்யா. யாரேமாவுக்காகச் செஞ்ச சாமான், லெவ்கோவ எடுத்துடுச்சு. அந்தப் பையன் கல்யாணத்துல நான் ஆடினேன். இப்ப எம் பேர எடிசனுக்குக் கீழ போட்டு வைப்பியா நீ? டோஸ்யா வீட்டுக்கும்தானே உம் பேப்பர் போகுது?"

டோஸ்யா லெவ்கோவின் மனைவி.  என்னத்தையாவது சொல்ல வேண்டுமே என்று, பட்டியலில் அவருக்கு முந்தைய பெயரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸிலார்ட்னு ஒருத்தர் இருக்காரே மாமா, உங்க தேதிதான். அவரோட யோசனைலதான் பின்னால அணுகுண்டு வந்துச்சு. அத ஊர் மேல போட வேணாம்னு கையெழுத்து வாங்கி மனு எழுதினாரு."

"கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம்?"

"உயிருள்ளதப் பத்திப் படிக்கப் போயிட்டாரு. உயிரியல்."

"அவன் பேர எடுக்கச் சொன்னானா?"

"தெரியல மாமா."

"தெரியலன்னா விடு. எம் பேர எடு." காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எழுபத்தெட்டு வயது மனிதர், வாசல் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று ஒருமுறை மூச்சு வாங்கினார். நான் எழுதிய ஒரு வரி அவரைத் தின்றுகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். இப்படியே விட்டால் அந்த மனிதர் தன் கையாலேயே ஒரு ஆளைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு செத்துப்போவார்.

மறுநாள் காலை டோஸ்யாவின் பண்ணைக்கு வண்டியை விட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பே போயிருக்க வேண்டும். துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று ஊரே நாகரிகம் பார்த்தது. நானும் பார்த்தேன்.

டோஸ்யா கொட்டகையில் மாடுகளுக்கு வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தாள். லெவ்கோவின் கோட்டைப் போட்டிருந்தாள், தோள் இரண்டும் தொங்கின. நான் சுற்றி வளைக்கவில்லை.

"டோஸ்யா, உறை கழண்டுச்சுன்னு நான் எழுதினேன். கேக்காம எழுதிட்டேன். இப்பக் கேக்கறேன். கழண்டுச்சா?"

அவள் கவைக்கோலை வைக்கோலில் குத்தி நிறுத்தினாள். கொட்டகையின் மறுகோடிக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். அங்கே சுவரில், சேணங்களுக்கு நடுவில், ஒரு ஆணியில் தகர உறை தொங்கியது. வளையவில்லை, நசுங்கவில்லை. நாலு போல்ட்டும் ஒரு டப்பாவில் பத்திரமாகக் கீழே இருந்தன.

"அன்னைக்கு அது ஷாஃப்ட்டு மேலயே இல்லக்கா. பனில வளஞ்சு கெடந்தது வேற தகரம். நவம்பர்லயே கழட்டியாச்சு. அவர் கழட்டினாரு, நாந்தான் லைட்டப் புடிச்சுட்டு நின்னேன்."

"ஏன்?"

"கிரீஸ் அடிக்கணும்ல, தெனமும். இது இருந்தா நாலு போல்ட்டையும் எடுக்கணும். இந்தக் குளிர்ல கையுறையக் கழட்டினா விரல் இரும்போட ஒட்டிக்குது. ஒருநாள் தோலே பிஞ்சு வந்துச்சு அவருக்கு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க மட்டும் இல்ல. எல்லாரும்தான். பனி விழுந்தா கழட்டிடுவாங்க, ஈஸ்டருக்கு முன்னாடி மாட்டிடுவாங்க. மாமா பாக்க வருவாருல்ல. அவர் மனசு நோகக் கூடாதுன்னு."

முந்நூறு பண்ணை. முப்பத்தைந்து வருஷம். ஒரு கிழவனின் மனம் நோகக் கூடாது என்று ஊரே சேர்ந்து ஆணியில் மாட்டி மாட்டி எடுத்திருக்கிறது. எனக்கு அங்கேயே யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. யாரை அறைவது? நான்தான் இருந்தேன்.

"நீ ஏன் சொல்லல?" என்றேன்.

"பேப்பர்ல கழண்டுச்சுன்னு வந்துச்சு. எங்க மாமியார் அதத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு, 'பாரு, என் பையன் கவனமானவன், சாமான்தான் மோசம்'னு சொல்லிட்டே இருக்காங்க. நான் வாயத் தொறந்தா லெவ்கோ தானாத் தேடிக்கிட்டான்னு ஆகிடும். செத்தவர எப்படிக்கா நான் அப்படி விடுவேன்?"

நான் மாமா என் மேஜையருகில் நின்றதைச் சொன்னேன். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.  டோஸ்யா ஆணியிலிருந்து உறையைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

மாமா பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். உலை எரிந்தது, கையில் வேலை இல்லை. டோஸ்யா உறையை அவர் மடியில் வைத்துவிட்டு நேராகச் சொன்னாள்.

"மாமா, இது கழண்டுக்கல. நாங்க கழட்டினோம். கொட்டகைல தொங்கிட்டு இருந்துச்சு. உங்க போல்ட்டு ஒண்ணும் விடல. இத்தன நாள் சொல்லாம இருந்தது எந் தப்பு."

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"எதுக்குக் கழட்டினான்?"

"கிரீஸ் அடிக்க."

"மத்தவங்களும் கழட்டறாங்களா?"

டோஸ்யா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "எல்லாரும்தான் மாமா" என்றாள்.

அவர் உறையை மடியில் மெதுவாகத் திருப்பினார். ஒரு இடத்தில் நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்தார். தச்சுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

"இது என்ன?"

"அவர் போட்டதுதான். இந்த எடத்துல ஒரு ஓட்டை இருந்தா கழட்டவே வேணாம்னு சொன்னாரு. குளிர் கொறஞ்சதும் அறுத்துக்கறேன்னாரு. உங்ககிட்ட கேக்காம அறுக்கறதுக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு அவருக்கு."

மாமா எழுந்து மூலையில் கிடந்த பழைய தண்டின்மேல் உறையை வைத்துப் பொருத்தினார். பென்சில் வட்டத்துக்கு நேர் கீழே கிரீஸ் அடிக்கிற முனை இருந்தது. கட்டை விரலை வட்டத்தின் நடுவில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அழுதார். சத்தம் இல்லை, துடைக்கவும் இல்லை.

"நாலு போல்ட்டு போட்டேனே. இறுக்கமா நிக்கணும், இறுக்கமா நிக்கணும்னு அதையே நெனச்சேன். நடுக்குளிர்ல ஒருத்தன் இதக் கழட்டணுமேன்னு ஒருநாள் நெனச்சனா? எப்பவும் வசந்தத்துலதானே பாக்கப் போனேன்."

"மாமா, அதான் உங்க தப்பு இல்லன்னு சொல்றாளே" என்றேன்.

"அவ புருஷனுக்காக அவ சொல்லுவா. தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்னை முறைத்தார். அந்த முறைப்பைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "பதினொண்ணாம் தேதின்னுதானே சொன்ன? நேத்து இல்லல்ல?"

"பதினொண்ணுதான்."

"அப்ப உன் கணக்குக்கு நான் இன்னும் பொறக்கவே இல்ல. பன்னெண்டு நாள் இருக்கு. ரெண்டு பேரும் வெளிய போங்க. தகரத்த அறுக்கணும்."

அன்றிலிருந்து பட்டறைப் புகைபோக்கியில் புகை நிற்கவில்லை. டோஸ்யா ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். அவளுடைய தடித்த கையுறையோடு முற்றத்தில் நிற்கவைத்து, திற என்பாராம், மூடு என்பாராம். ஓட்டைக்கு வைத்த முதல் மூடி கையுறைக்கு வழுக்கியது. இரண்டாவது பனி உறைந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாவதைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். நாலாவதில் ஒரு தோல் வாரை வைத்தார். வாரைப் பிடித்து இழுத்தால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். வட்டத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. லெவ்கோவின் பென்சில் கோட்டின்மேலேயே அறுத்திருந்தார்.

பிப்ரவரி பத்து, செவ்வாய்க்கிழமை, அச்சுக்குப் போகிற நாள், இரண்டு பேரும் சேர்ந்து அலுவலகத்துக்கு வந்தார்கள். மாமா ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். டோஸ்யா இன்னொன்றை நீட்டினாள். மாமியாரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன், மூன்று நாள் பேசவில்லை, இன்று காலை அவர்களே காபி கலந்து கொடுத்தார்கள் என்றாள்.

இரண்டையும் முதல் பக்கத்தில் போட்டேன். கீழே மூன்றாவதாக என்னுடையதையும் சேர்த்தேன். அவை இப்படி வந்தன:

'ஜனவரி 5 அன்று எங்கள் தண்டின்மேல் உறை இல்லை. நானும் என் கணவரும் அதை நவம்பரில் கழற்றினோம். உறை கழன்றுபோகவில்லை. டோஸ்யா ஸ்டெஃபூரா.'

'குளிர்காலத்தில் கழற்றாமல் கிரீஸ் அடிக்க முடியாதபடி அந்த உறையைச் செய்தது நான். குறை என்னுடையது. எல்லாரும் உங்கள் உறைகளைக் கொண்டு வாருங்கள், ஓட்டை போட்டு மூடி பொருத்தித் தருகிறேன். கழற்றி வைத்திருக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஓனுஃப்ரி செமோட்டியுக்.'

'உறை கழன்றதாக நம்பப்படுகிறது என்று ஜனவரி 7 இதழில் எழுதினேன். நான் யாரையும் கேட்கவில்லை. ஆசிரியர்.'

அச்சுக்கு அனுப்புமுன் மாமாவைக் கேட்டேன். "ரெண்டாம் பக்கத்துல பேரப் போடட்டுமா? இல்ல, இன்னும் சர்க்கார் முத்திரையத்தான் புடிச்சுட்டு இருக்கீங்களா?"

அவர் உட்கார்ந்து, இந்தத் தடவை தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"போடு. குறையச் சரிபண்ணாம ஓடிப்போனான்னு லிஸ்ட்ல இருக்கற அந்த நாலு பேரும் நெனைக்க வேணாம்." பிறகு டோஸ்யா பக்கம் திரும்பினார். "லெவ்கோ எந்தத் தேதிம்மா?"

"ஆகஸ்ட் முப்பது. எங்க வீட்டுல பழைய காலண்டர் கிடையாது மாமா, ஆஸ்பத்திரில பொறந்தவரு."

"ஸேன்யா, அன்னைக்கு யாரு இருக்கா?"

அட்டைப் பெட்டியில் தேடினேன். "வான்ட் ஹாஃப், வேதியியல். அப்புறம் ரூதர்ஃபோர்ட். அணுவுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தவரு."

"அவங்களோட இவனையும் எழுதிக்கோ. வழி கண்டுபிடிச்சது அவன். நான் அறுத்தேன், அவ்ளோதான்."

டோஸ்யா எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. நான் ஒரு புது அட்டையை எடுத்துத் தேதியை எழுதினேன், பெயரை எழுதினேன். எங்கள் பத்தியில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி வரும். அந்த வரியில் என் பேனா நின்றுவிட்டது.

"என்னன்னு எழுத?" என்று கேட்டேன்.

 டோஸ்யா திரும்பாமலே சொன்னாள்.

"கையுறையக் கழட்டாமத் தொறக்கணும்னு சொன்னவருன்னு எழுதுங்கக்கா."

அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசி வார இதழில் அப்படியே வந்தது. ரூதர்ஃபோர்டுக்கு அடுத்த வரியில், நடுவில் கோடு இல்லாமல். அறுவடை மும்முரத்திலும் அந்த வாரம் பதினேழு பேர் உறையைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.